பூட்டை இழுத்துப் பார்த்தோம், வால்வை மறந்தோம்

ஊருக்குப் புறப்படும்போது வியாபாரிகள் எல்லோரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பூட்டிய பூட்டை இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்போம். தெருமுனை வரை போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். களவுக்கு அவ்வளவு பயம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். இத்தனை காலத்தில் எங்கள் வீட்டுக்கோ கிடங்குக்கோ திருடன் ஒரு தடவைகூட வந்ததில்லை. தண்ணீர் வந்திருக்கிறது. அதுவும் ஆற்றுத் தண்ணீர் இல்லை. நாங்களே மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றி வைத்த தண்ணீர்.

திருவானைக்காவலில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பஞ்சபூதத் தலங்களில் இது அப்புத் தலம். ஜம்புகேஸ்வரர் கருவறையிலேயே நீர் ஊறுகிறது. ஊரின் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவாக நாமும் ஸ்ரீரங்கமும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் இங்கே கிணறுகளில் நீர்மட்டம் ஏறும், சுவர்களில் ஓதம் ஏறும். இது தெரிந்துதான் நம் பெரியவர்கள் திண்ணையை உயர்த்திக் கட்டினார்கள், சரக்கைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அட்டி போட்டார்கள்.

வெள்ளத்தின் கதையும் நமக்குப் புதிதல்ல. 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றித் தாத்தா காலத்து ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு அந்தப் பயம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் 1977 நவம்பரில் புயல் மழையில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகித் திருச்சி நகருக்குள்ளேயே புகுந்தன. பள்ளிப் படிப்பை முடித்து அப்பாவுக்குத் துணையாகக் கடையில் உட்கார ஆரம்பித்திருந்த சமயம். ஆற்றுக்கு அக்கரையில் உறவினர் கடையில் தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டப் போனோம். ஊறிய உளுந்து மூட்டைகள் தையல் விட்டுப் பிளந்து கிடந்ததும், அந்த நாற்றமும் இன்றைக்கும் மறக்கவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதற்குச் சில நாள் முன்புதான் நம் ஊரையும் வடகரையையும் சேர்த்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் ஆற்றில் சரிந்தன. 1928-ல் கட்டிய பாலம் அது.

இவையெல்லாம் ஊர் முழுக்கப் பார்க்கிற வெள்ளம். ரேடியோவில் சொல்வார்கள், தண்டோரா போடுவார்கள், இப்போது செல்போனில் குறுஞ்செய்தியே வருகிறது. பூட்டிய வீட்டுக்குள் வருகிற வெள்ளத்துக்குத் தண்டோரா கிடையாது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம், எங்கள் வீட்டிலேயே நடந்ததால்.

2014 மே மாதம். கோடை விடுமுறை. குடும்பத்தோடு காசி யாத்திரை, மொத்தம் பன்னிரண்டு நாள். எங்கள் கட்டடத்தில் கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் கிடங்கு, மேலே வீடு. நம்மில் பாதிப் பேருக்கு இதே அமைப்புதான். பன்னிரண்டு நாளைக்கு வேண்டிய சரக்கை முன்பக்கம் எடுத்துப் போட்டுவிட்டு, கடைச் சாவியை மட்டும் எங்களிடம் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் தம்பியிடம் கொடுத்தோம். கிடங்குச் சாவி, வீட்டுச் சாவி இரண்டும் எங்களோடு காசிக்கு வந்தன. கேஸ் மூடியாயிற்று, ஜன்னல் சாத்தியாயிற்று, பூட்டை இழுத்துப் பார்த்தாயிற்று. வீட்டம்மா இன்னொரு காரியமும் செய்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் ஜலதாரை வழியாகக் கரப்பானும் எலியும் ஏறி வரும் என்று, குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையில் பழந்துணியைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான்.

கழிவறையில் கையால் பீய்ச்சிக் கழுவும் குழாய் இருக்கிறதல்லவா, அதன் பிளாஸ்டிக் ஹோஸ் சுவரில் சேருகிற இடத்தில் பிடுங்கிக்கொண்டது. எந்த நாளில், எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி ஹோஸ் வழியாக நிமிஷத்துக்கு 8 லிட்டர், 10 லிட்டர் தண்ணீர் சுலபமாகக் கொட்டும். எங்கள் மாடித் தொட்டி 1,000 லிட்டர். கணக்குப்படி இரண்டு மணி நேரத்தில் தொட்டி காலியாகி விஷயம் அதோடு நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் மோட்டாருக்குத் தானியங்கிக் கருவி மாட்டியிருந்தோம். தொட்டி குறைந்தால் தானே மோட்டார் ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். மோட்டார் போட மறந்து தண்ணீருக்குத் தவிப்பதும், நிறுத்த மறந்து மாடியில் வழிவதும் இனி இல்லை என்று பெருமையாக வாங்கிய சாமான். தொட்டி காலியானதும் அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றியது. சம்ப் குறைந்ததும் மிதவை வால்வு தன் வேலையைச் செய்தது. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வந்த நேரமெல்லாம் சம்ப்பை நிரப்பியது. ஆக, காவிரியே குழாய் வழியாக எங்கள் குளியலறைக்கு வந்துகொண்டிருந்தது. போகிற வழியைத்தான் செங்கல் வைத்து அடைத்திருந்தோமே! குளியலறை நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து, கூரையில் ஒயர் போகிற குழாய் வழியாகவும் மின்விசிறிக் கொக்கி வழியாகவும் கீழே கிடங்கில் இறங்கியது.

கீழே கடையில் தம்பி இரண்டு நாள் முன்னாலேயே இடைச்சுவரில் ஈரம் பார்த்திருக்கிறார். முதலாளி யாத்திரையில் இருக்கிறார், இதற்குப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று இருந்துவிட்டார். கடைசியில் பின்சந்தில் குடியிருப்பவர்தான் போன் செய்தார். "அண்ணே, உங்க கிடங்குக் கதவுக்கு அடியில பாகு மாதிரி ஏதோ வழிஞ்சு வருது. சந்து பூரா எறும்பு." அப்போது நாங்கள் கங்கைக் கரையில் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தோம்.

பூட்டை உடைக்கச் சொன்னோம். மூன்று தடவை இழுத்துப் பார்த்த பூட்டு அல்லவா, உடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம்.

சர்க்கரை 18 மூட்டை, துவரம்பருப்பு 14 மூட்டை, பொட்டுக்கடலை, வெல்லம். சர்க்கரையும் வெல்லமும் கரைந்து ஓடிவிட்டன. பருப்பு ஓடாது, ஊதும். அடி மூட்டை ஊதித் தையல் விட்டதில் அட்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, நனையாமல் இருந்த மேல் மூட்டைகளும் தண்ணீரில் விழுந்திருந்தன. மரச்சட்டம் போட்டுத்தான் அடுக்கியிருந்தோம். சட்டம் தரை ஈரத்துக்குத்தான் காவல். கூரையிலிருந்து வருகிற தண்ணீருக்கு அது என்ன செய்யும்? சரக்கில் மட்டும் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போயிற்று. கூரைப் பூச்சு, ஒயரிங், வீட்டில் பீரோக்கள், மெத்தைகள் எல்லாம் தனி. கிடங்கின் மூலை அலமாரியில் கீழ்த்தட்டில் அப்பா கைப்பட எழுதிய பேரேடுகள் இருந்தன, கடை ஆரம்பித்த நாளிலிருந்து. மைக் கணக்கு. பிரித்துப் பார்த்தபோது தாள் முழுக்க நீலமாக இருந்தது, எழுத்து இல்லை.

திரும்பி வந்த அன்றைக்குத் தம்பி ஒன்று சொன்னார். "சாவி எங்கிட்ட இருந்திருந்தா மேல போய் வால்வை மூடியிருப்பேன் முதலாளி." பதில் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் கல்லாவை நம்பி விட்டோம், வீட்டுச் சாவியை நம்பி விடவில்லை. இதிலும் ஒரு வேடிக்கை. சாவியைக் கொடுத்திருந்தாலும் வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கே தெரியாது. பிளம்பர் வந்துதான் தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், பாசி படிந்து கிடந்த கேட் வால்வைக் காட்டினார். திருகினால் அசையவில்லை. வருஷக் கணக்கில் தொடாத வால்வு அப்படித்தான் இறுகிக்கொள்ளும்.

புறப்படுவதற்கு முன்

அதன் பிறகு நாங்கள் செய்து வருவதைச் சொல்கிறோம். முதல் காரியம், மாடித் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் உள்ள வால்வை மூடுவது. தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும், தவறில்லை. அது வீட்டுக்குள் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். மூடிய பிறகு கீழே வந்து குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். குழாயில் நின்ற தண்ணீர் வடிந்து, பிறகு சொட்டுகூட வரக் கூடாது. வந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பழைய கேட் வால்வுகளில் இது சகஜம். பித்தளையில் நல்ல வால்வாக மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் பிடி வைத்தது வெயிலில் இற்றுப்போய், அவசரத்துக்குத் திருகும்போது கையோடு வந்துவிடும். மாதம் ஒரு தடவை எல்லா வால்வையும் மூடித் திறந்தால் இறுகாது. அமாவாசை அன்று கடை கழுவுகிற வழக்கம் உள்ளவர்கள் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மோட்டார். தானியங்கிக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் ஸ்விட்சையும் மோட்டாரின் மெயினையும் கட்டாயம் அணைக்க வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தொட்டித் தண்ணீர் மட்டும் கொட்டினால் நஷ்டம் ஆயிரம் லிட்டரோடு நிற்கும். மோட்டார் ஓடினால் அதற்கு எல்லையே இல்லை. சம்ப்புக்கு வரும் மாநகராட்சி இணைப்பின் வால்வையும் மூடிவிடுங்கள். மிதவை வால்வு என்பது தேய்கிற சாமான். அது பழுதானால் சம்ப் நிரம்பி வழியும். சம்ப் வீட்டுக்குள்ளேயே, கூடத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ இருந்தால் வழிகிற தண்ணீர் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்ப்பைப் பற்றி நம் தீவுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மண்ணுக்குள் பிளாஸ்டிக் தொட்டி புதைத்திருப்பவர்கள், ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் அதைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டாம். நிலத்தடி நீர் மேலே ஏறும்போது காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். குழாய் இணைப்புகளைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். நிரப்பிவிட்டு, வரும் வழியையும் போகும் வழியையும் மூடினால் போதும்.

மூன்றாவது, கசிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், இரவு எல்லோரும் படுத்த பிறகு, மோட்டாரை அணைத்துவிட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்துகொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் மறுபடியும் அளவெடுங்கள். சாதாரண 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் இருபது லிட்டருக்கு மேல் எங்கோ போகிறது. பெரும்பாலும் கழிவறை பிளஷ் தொட்டியாக இருக்கும். சுவருக்குள் போகிற குழாயாக இருந்தால் ஆபத்து.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய், சுடுதண்ணீர் ஹீட்டருக்கு மேலே உள்ள இணைப்புக் குழாய், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் மெல்லிய குழாய், எங்களைக் கவிழ்த்த கழிவறை ஹோஸ், இந்த நான்கும்தான் பூட்டிய வீட்டில் சதி செய்கிற சாமான்கள். இவை ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு சிறு வால்வு இருக்கும். வீட்டில் இருக்கும்போதே உபயோகம் முடிந்ததும் அதை மூடுகிற பழக்கம் நல்லது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் ராத்திரி பகலாக அழுத்தத்தில் நின்றால் ஒரு நாள் விட்டுத்தான் போகும். உப்பிப்போன, வெடிப்பு விட்ட குழாயை எழுபது ரூபாய் மிச்சம் பிடிக்க வைத்திருக்காதீர்கள்.

ஜலதாரையை அடைக்கிற விஷயத்தில் எங்கள் வீட்டில் நீண்ட விவாதமே நடந்தது. கரப்பான் வருமே என்றால் வரும்தான். சல்லடை மூடி போடுங்கள், தண்ணீர் போகும், பூச்சி வராது. துணியும் செங்கல்லும் வேண்டாம். ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள, தெருவைவிடத் தாழ்ந்த வீடுகளில் வேறு சங்கடம் உண்டு. பெருமழையில் சாக்கடை நிரம்பினால் அது திரும்பி வீட்டுக்குள் வரும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள், வெளியே போகவிட்டு உள்ளே வரவிடாத ஒருவழி வால்வைத் தெருப்பக்கக் குழாயில் போட்டுக்கொள்வதுதான் சரி.

மழைக்கு முந்திய மாடி

குழாய்த் தண்ணீர் வருஷம் முழுவதும் உள்ள ஆபத்து. மழைத் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில். நம் வியாபாரிகளில் எத்தனை பேர் கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறோம்! நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற சமயமும் அதுதான். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு வெளியூர் போவதும் மழை முடியாத மார்கழியில்தான். அதாவது வீட்டில் ஆள் இருக்க வேண்டிய காலத்தில்தான் நாம் பூட்டிக்கொண்டு போகிறோம்.

மொட்டைமாடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையில் காய்ந்த இலை, பாலிதீன் பை, புறாக் கூட்டின் குச்சி, கோயில் திருவிழாவில் பறந்து வந்த பட்டாசுக் காகிதம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் நாலு அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 9 டன்னுக்கு மேல். ஒரு லாரி லோடு சரக்கை மாடியில் இறக்கி வைத்த மாதிரி. அப்படி யாராவது மாடியில் லோடு இறக்கினால் விடுவோமா? தண்ணீர் இறக்கினால் பேசாமல் இருக்கிறோம். கூரையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்த எடை தண்ணீரைக் கீழே தள்ளிவிடும். இரும்புக் கம்பி துருப்பிடிக்க ஆரம்பிப்பது அங்கேதான். புறப்படும் முன் மாடியில் நாலு வாளித் தண்ணீரைக் கொட்டி, கீழே குழாயில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சன்னதித் தெருப் பக்கம் இருக்கின்றன. அவர்களுக்குக் கூடல்வாயும் முற்றத்துத் தூம்பும்தான் உயிர்நிலை. இரண்டு ஓட்டுச் சரிவும் சேருகிற கூடல்வாயில் ஒரு ஓடு நகர்ந்தால் மழை நேராகக் கூடத்தில் விழும். குரங்கு ஒன்று போதும், ஓடு நகர. மழைக் காலத்தில் இவர்கள் மூன்று நாளுக்கு மேல் வீட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் போகவே கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடையையும் கிடங்கையும் பொறுத்தவரை, மேலே குளியலறையோ சமையலறையோ உள்ள இடத்துக்கு நேர் கீழே சர்க்கரை, வெல்லம், உப்பு, மாவு அட்டி போடாமல் இருப்பதே பெரிய காப்பு. நாங்கள் அந்த இடத்தில் இப்போது எண்ணெய் டின் அடுக்குகிறோம். வெளியூர் போகும்போது அட்டியின் மேல் தார்ப்பாய் போட்டு, தண்ணீர் விழுந்தால் சரக்கில் தேங்காமல் வழிந்து போகிற மாதிரி சரிவு வைக்கிறோம். கணக்குப் புத்தகமும் பில் கட்டும் மேல்தட்டில். இப்போது கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்பவர்கள், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி தரையில் இருக்கிறதா மேஜை மேல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளவும்.

கனடாவில் டொரண்டோவில் இருக்கும் எங்கள் மருமகனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அங்கே இது அன்றாடக் கவலை. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பருமன் கூடும், குழாய் வெடிக்கும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிர் வந்தபோது ஏராளமான வீடுகளில் இப்படித்தான் குழாய்கள் வெடித்துக் கூரையிலிருந்து கொட்டியது. அவர் தைப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் தெருவிலிருந்து வரும் தண்ணீர் வால்வை மூடி, குழாய்களை வடித்துவிட்டுத்தான் விமானம் ஏறுவாராம். அங்கே பல பாலிசிகளில், குளிர்காலத்தில் 4 நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டிப் போனால் ஒன்று தண்ணீரை மூடியிருக்க வேண்டும், அல்லது யாராவது தினமும் வந்து பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து வெடித்த குழாய்க்கு நஷ்டஈடு இல்லையாம்.

நஷ்டஈடு

பாலிசி என்றதும் நம்மில் பலர் தீ விபத்து பாலிசி தீக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் நாட்டு வழக்கமான தீ மற்றும் சிறப்பு ஆபத்துகள் பாலிசியில் புயல், வெள்ளத்தோடு, தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ நிரம்பி வழிந்தோ ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா என்றும், 5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சிறு தொழில், கடைகளுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்றும் பொதுவான பாலிசிகள் வந்துள்ளன. அவற்றிலும் இது உண்டு. ஆனால் மாதக் கணக்கில் மெல்லக் கசிந்து சுவர் இற்றுப்போனால் அது பராமரிப்புக் குறை, பாலிசிக்குள் வராது. பழைய தீ பாலிசியின் நிபந்தனைகளில் இன்னொன்றும் இருக்கிறது: கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால், முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்காதவரை காப்பீடு நின்றுவிடும். வெளிநாட்டில் பிள்ளை வீட்டுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் போகிறவர்கள் தங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று போகுமுன் படித்துப் பாருங்கள்.

எங்களிடம் பாலிசி இருந்தது. சரக்குக்கும் சேர்த்துத்தான். நாங்கள் செய்த தப்பு வேறு. காசியிலிருந்து வந்து சேர்ந்ததும் அந்த நாற்றமும் எறும்பும் பொறுக்காமல், அக்கம்பக்கத்தார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, ஊறிய மூட்டைகளை எல்லாம் ஒரே நாளில் வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்திவிட்டோம். சர்வேயர் வந்து பார்த்தபோது கழுவிவிட்ட தரைதான் இருந்தது. "சரக்கு எங்கே?" என்றார். கேட்டது நியாயம்தான். புகைப்படம்கூட எடுக்கவில்லை. கொள்முதல் பில்லும் இருப்புப் பதிவும் காட்டி ஏதோ பாதிக்குக் கீழேதான் கிடைத்தது. ஆகவே முதலில் கம்பெனிக்குத் தகவல், பிறகு எல்லாக் கோணத்திலும் படம், சர்வேயர் பார்த்த பிறகே துடைப்பம். அதற்கும் முன்னால் மின்சார மெயினை அணைக்க வேண்டும். தண்ணீர் நிற்கிற வீட்டுக்குள் அதைச் செய்யாமல் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. மெயின் போர்டுக்குப் போகிற வழியிலேயே தண்ணீர் நின்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள்.

வரி விஷயமும் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு நஷ்டம் வந்த காலத்தில் ஜி.எஸ்.டி. இல்லை. 2017-ல் வந்த சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, காணாமல் போன, களவு போன, அழிந்த, கணக்கில் தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். நனைந்து போன சர்க்கரைக்கு முதலும் போய், வரி வரவும் போகும். நஷ்டஈடு கேட்கும்போது அந்தத் தொகையைச் சேர்க்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அன்றைக்கு ஒருவர், பருப்பு அரைகுறையாக நனைந்ததுதானே, மாடியில் காயப்போட்டுச் சலித்து விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாமே என்று யோசனை சொன்னார். நஷ்டத்தில் நிற்கிறவன் காதுக்கு அது இனிமையாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தோம் என்பதே உண்மை. நனைந்து காய்ந்த தானியத்தில் பூசணம் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். அது விடுகிற நஞ்சு வேகவைத்தாலும் முழுக்கப் போகாது, ஈரலைக் கெடுக்கும். காலையில் வண்டி வரச் சொன்னோம். அந்த வண்டியை அவசரமாக வரச் சொன்னதற்கு இந்தச் சபலமும் ஒரு காரணம். சரக்கு கண்முன்னால் இருந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தோம்.

இப்போது தண்ணீர் கசிந்தால் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிற சிறு கருவிகள் வந்திருக்கின்றன. பேரன் ஒன்று வாங்கிக் குளியலறையில் வைத்திருக்கிறான். இருக்கட்டும். செய்தி வந்தால் போய் வால்வை மூட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கையில் சாவி வேண்டும்.

எங்கள் வீட்டின் இன்னொரு சாவி இப்போது கடைத் தம்பியிடம் இருக்கிறது. நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் காலை கடை திறக்குமுன் ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாடியில் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறோம்: குளியலறை, சமையல், பின்பக்கம், மாநகராட்சி. கையெழுத்து அவருடையதுதான். சென்ற ஐப்பசியில் ஒரு வாரம் வெளியூரில் இருந்தபோது மூன்றாம் நாள் போன் செய்தார். மாடி ஓட்டையில் புறா கூடு கட்டியிருந்ததாம், தண்ணீர் கணுக்கால் அளவு நின்றதாம், எடுத்துவிட்டாராம். முட்டை இருந்ததா என்று வீட்டம்மா கேட்டார்கள். இல்லை என்றார்.